ஆட்டாத தலை

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும், எங்களுக்குச் சம்பந்தியாக வரவிருந்தவர் பேச்சை நிறுத்தினார். பக்கத்தில் அவர் மனைவி, மகன். கண்ணாடி பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். சட்டம் மட்டும் கொஞ்சம் தடிமன். எதிரில் இருப்பவர் பேசுவது எழுத்தாகி என் கண்முன் ஓடும். மருமகள் வாங்கித் தந்தது. வந்த நாள் முதல் அலமாரியில்தான் கிடந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்குக் காது போய்விட்டது என்ற பேச்சு என்னால் வரவேண்டாம் என்றிருந்தேன். எதிராளியின் முகத்தைப் பார்த்து, சமயம் பார்த்துத் தலையாட்டிச் சமாளித்துவந்தேன்.

போன தடவை இதே கூடத்தில் அப்படித்தான் ஆட்டினேன். அவர் ஏதோ மழையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். என் மகள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள்.

"உங்க தலை ஆடுச்சுன்னு நான் கீழ எறங்கணுமாப்பா?" என்று அன்று மாலை கத்தினாள். அது மட்டும் தெளிவாகக் கேட்டது. தானே போய்ப் பேசுவதாகச் சொன்னாள். ஆடியது என் தலை, நான்தான் பேசவேண்டும் என்றேன்.

இப்போது அவர் மனைவி பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். எழுத்துகள் ஓடின.

"பெரியவர் கண்ணாடிய மாத்திட்டார். காத மாத்த முடியுமா? அன்னைக்கு மாதிரி தலையாட்டுவார், பேசி முடிச்சிடலாம்."

எனக்குக் கேட்காது என்று தெரிந்துதான் அன்று கேட்டிருக்கிறார்.

"காத மாத்திக்கிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன். "நீங்க சொன்னது இந்தக் கண்ணாடியில எழுத்தா வந்துடுச்சு."

'ஐயையோ' என்று ஓடியது. அவர் மனைவி.

"எனக்குக் காது கேக்காது."

என் குரலும் எழுத்தாகி வந்தது. எங்கள் குடும்பத்தைப் பற்றி அப்படியொரு வரியை நான் அதுவரை படித்ததில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"அன்னைக்கு ஆடுனது தலை. நான் வாக்குக் குடுக்கல. என் பொண்ணு வேலைய விடமாட்டா. இனி நீங்க சொல்லுங்க. முழுசா படிச்சிட்டுத்தான் பதில் சொல்லுவேன்."

கதவோரம் மகள் சீருடையோடு நின்றிருந்தாள். கண்ணாடி வெறுமையாக இருந்தது. பிறகு மாப்பிள்ளை, தன் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, உதட்டைப் பிரித்தார்.

கழுத்தை அசைக்காமல் முதல் எழுத்துக்காகக் காத்திருந்தேன்.