முப்பத்தொரு கடிதம் கூடுதல்

காலை பத்து மணிக்கு அண்ணி இரண்டு எண்களை ஒரு தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்த்தாள். முப்பத்தொன்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கழித்தாள். அதே முப்பத்தொன்று. ஒரே பெட்டியிலிருந்த பழைய மின்னஞ்சல்களை இரண்டு புது மென்பொருள்களுக்கும் எடுத்துக் கொடுத்திருந்தாள். ஒன்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நாற்பத்தோராயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்று என்றது. மற்றது நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டோடு வாயை மூடிக்கொண்டது.

அவள் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அண்ணிதான். முதலாளியான பொறியாளரின் மனைவி என்பதால் வரைபடக்காரர்கள் இருவரும் அப்படிக் கூப்பிடத் தொடங்கி, பிறகு கூரியர் கொண்டுவருபவர்வரை அது ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டடங்களைப் பார்த்து, அளந்து, இது நிற்கும் இது நிற்காது என்று சான்றிதழ் கொடுக்கும் சின்ன அலுவலகம். பார்ப்பதும் அளப்பதும் அவர் வேலை. எழுதுவதும் அனுப்புவதும் பதில் வாங்குவதும் அவள் வேலை. பதினாறு வருடமாக ஒரே மின்னஞ்சல் மென்பொருள். எந்த மூலையில் எது கிடக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துவிடுவாள். அதைத் தயாரித்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். மாதக் கடைசிக்குப் பிறகு அதில் கடிதம் வராது, போகாது. வேறொன்றுக்கு மாறியாக வேண்டும்.

கம்ப்யூட்டர்காரர் வந்து இரண்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "ரெண்டு வாரம் ரெண்டுலயும் வேலை பாருங்க அண்ணி. கைக்கு எது படியுதோ அதை வச்சுக்குங்க. என்கிட்ட கேக்காதீங்க, நான் சொல்லி நீங்க வாங்கினா காலத்துக்கும் என்னைத்தான் திட்டுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றுக்குக் காகிதக் கப்பல் படம், இன்னொன்றுக்குச் சின்ன மணி படம். கப்பல், மணி என்றே பேரும் ஆகிவிட்டது. கப்பல் அழுக்கு மூட்டை மாதிரி. இடது பக்கம் கோப்புறைகள் வால் வாலாகத் தொங்கும், எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். ஆனால் தேடினால் கிடைக்கும். மணி பார்க்க லட்சணம். வெள்ளையாக, விசாலமாக, அன்றைக்குப் பார்க்க வேண்டியதை மட்டும் முன்னால் வைக்கும். வரைபடக்காரர்களில் ஒருவர் கப்பல் கட்சி, இன்னொருவர் மணி கட்சி. பொறியாளர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மணியே போதும். சுத்தமா இருக்கு" என்று முடித்துவிட்டார். ஒரு படத்தைக் கடிதத்தோடு இணைக்கக்கூட அவளைக் கூப்பிடும் மனிதர் இவ்வளவு சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்தது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. அவளும் மணி பக்கம்தான் சாய்ந்திருந்தாள். எண்களைக் கழித்துப் பார்த்தது வெறும் பழக்கதோஷம்.

கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள்.

"அது தப்பு இல்ல அண்ணி. மணி, கண்ணுக்குத் தெரியுற ஃபோல்டரை மட்டும்தான் எடுக்கும். கப்பல் மறைச்சு வச்சதையும் சேர்த்து அள்ளிட்டு வரும். நீங்க எதையாவது மறைச்சு வச்சிருப்பீங்க."

"நான் எதுக்கு மறைக்கிறேன்?"

"அப்ப வேற யாராவது வச்சிருப்பாங்க" என்று சிரித்துவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

கப்பலில் கோப்புறைகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போனாள். பழைய ஒப்பந்தங்களுக்கு அடியில், அதற்கும் அடியில், அவள் ஒருநாளும் பார்த்திராத ஒரு பெயர் இருந்தது. 'அவசரமில்லை.' உள்ளே முப்பத்தொரு கடிதங்கள். எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வந்தவை. எல்லாமே படித்தாகிவிட்டதாகக் குறிக்கப்பட்டவை. பழைய மென்பொருளுக்குப் போய் விதிகளின் பட்டியலைத் திறந்தாள். அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் படித்ததாகக் குறித்து, இந்தக் கோப்புறைக்குள் தள்ளி, கண்ணில் படாமல் வைக்கச் சொல்லி ஒரு விதி இருந்தது. அது எழுதப்பட்ட தேதியைப் பார்த்தாள். போன வருடம் தங்கையின் பிரசவத்துக்கு அவள் பத்து நாள் ஊரில் இல்லாதபோது. படம் இணைக்கத் தெரியாத மனிதர் அந்தப் பத்து நாளில் விதி எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

முதல் கடிதத்தைத் திறந்தாள்.

'மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்கள் சான்றிதழ் பெற்ற கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தையலகம் நடத்துகிறேன். நடுத் தூணில் முடியளவுக்கு ஒரு கோடு தெரிகிறது. உரிமையாளர் வெறும் பூச்சு என்கிறார். சான்று தந்தவர் தாங்கள் என்பதால் தங்களிடம் கேட்கிறேன்.'

முதல் இரண்டும் அவள் ஊரில் இல்லாத அந்தப் பத்து நாளுக்குள் வந்தவை. அடுத்து மாதத்துக்கு ஒன்றாக வந்திருந்தன. பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்று. ஒன்பதாவது கடிதத்தில் கோட்டுக்குள் ஒரு நாணயம் நிற்பதாக எழுதியிருந்தது. பத்தொன்பதாவதில், 'ஜன்னல் சாத்த வரவில்லை. தச்சரை அழைத்தேன். கதவு சரியாக இருக்கிறது, சுவர்தான் கோணல் என்று சொல்லிக் கூலி வாங்காமல் போய்விட்டார்.' இருபத்தாறாவதில், 'கீழே விழும் பொத்தான்கள் எல்லாம் ஒரே மூலைக்கு உருண்டு போகின்றன. இரண்டு மாதத்துக்கு முன்பு இப்படி இல்லை.' எங்கும் ஒரு கோபமான சொல் இல்லை. ஒவ்வொன்றும் மதிப்பிற்குரிய ஐயாவில் தொடங்கி, இப்படிக்கு என்று முடிந்தது. கடைசிக் கடிதம் முந்தின நாள் காலையில் வந்தது. 'ஐயா, பதில் எழுத வேண்டாம். ஒருமுறை வந்து பாருங்கள்.'

கடிதத்திலிருந்த கட்டட முகவரியைக் கொண்டு அண்ணி பழைய சான்றிதழ் நகலைத் தேடி எடுத்தாள். அது அவள் கையால் தட்டச்சு செய்தது. 'தொழில் நடத்துவதற்கும் மக்கள் புழங்குவதற்கும் தகுதியானது' என்ற வரியில் 'புழங்குவதற்கும்' என்ற சொல்லை அவர் பேச்சுவழக்கு என்று சொல்ல, இல்லை அதுதான் சரி என்று அவள் பிடிவாதமாக வைத்தது நினைவுக்கு வந்தது.

மதியம் வரைபடக்காரர்கள் சாப்பிடப் போனதும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பொறியாளர் ஒரு பெரிய தாளை விரித்துவைத்துப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று என்று மட்டும் சொன்னாள். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஒருதடவை போய்ப் பார்த்தேன். பூச்சு வெடிப்புதான். அதை எழுதியும் அனுப்பினேன். அந்தம்மா விடவே இல்ல."

"எப்பப் போனீங்க?"

"போன வருஷம்."

"அது ரெண்டாவது லெட்டர். அதுக்கப்புறம் இருபத்தொம்போது வந்திருக்குங்க. பொத்தான் உருளுதாம்."

பொறியாளர் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். சீவல் சுருள் ஒன்று கத்தியில் தொங்கியது. "படிச்சா தூக்கம் வர மாட்டேங்குது" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. தலைவலி என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். "இப்பப் போய் இது சரியில்லன்னு எழுதினா, அப்ப எப்படி சரின்னு எழுதினேன்னு கேப்பாங்க. அதைக் கட்டின பில்டர் கட்டினது இன்னும் ஏழு கட்டடம் இருக்கு. ஏழுலயும் என் கையெழுத்து இருக்கு."

ஏழு என்ற எண்ணை அவள் எதிர்பார்க்கவில்லை.

அவர் தாளின் மடிப்பை நீவிவிட்டபடியே மெதுவாகச் சொன்னார். "மணியையே வச்சுக்கலாம்மா. நாம எதையும் அழிக்க வேண்டாம். பழசு மாசக் கடைசியோட நிக்கப் போகுது. அதுல இருக்கிறது அதோட போயிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்ல."

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டு திரைகளும் அப்படியே இருந்தன. மணியில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய கடிதங்கள் நான்கு இருந்தன. ஒரு வாழ்த்து, ஒரு விலைப்பட்டியல், இரண்டு வரைபடங்கள். அதைப் பார்த்தபோது அவளுக்கு உண்மையிலேயே மனம் லேசானது. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதர். சளி பிடித்தால் மாத்திரைக்குப் பயப்படுபவர். தெருநாய்க்குக் கட்டுப் போட்டவர். கப்பலை அழிக்கவா என்று கணினி கேட்கும், ஆம் என்றால் போதும். வேறு யாரும் எதையும் கழித்துப் பார்க்கப் போவதில்லை. அழிக்கும் பட்டியல்வரை போனாள். அங்கே கப்பல் படத்தின்மேல் அம்புக்குறி நின்றது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. சாப்பிடப் போனவர்கள் மாடிப்படியில் பேசிச் சிரித்துக்கொண்டே ஏறிவருவது கேட்டது. ஒவ்வொரு படியாக, தொம் தொம்மென்று. அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடித் தையலகத்துக்கும் இப்படித்தான் ஆட்கள் ஏறிப் போவார்கள் என்று தோன்றியது. அம்புக்குறியை நகர்த்திவிட்டாள்.

கப்பலைத் திறந்து முப்பத்தொன்றையும் ஒன்றாகப் பிடித்து, நகர நிர்வாகத்தின் கட்டடப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பினாள். மேலே இரண்டே வரி எழுதிக் கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள். ஏழு கட்டடங்களைப் பற்றி மூன்றாவதாக ஒரு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதிச் சேர்த்தாள். அரை நிமிடத்தில் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் பெறப்பட்டது. பதினைந்து வேலை நாட்களுக்குள் உரிய அலுவலர் தொடர்புகொள்வார்.' அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கினாள்.

கட்டடம் பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. தரைத்தளத்தில் குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், அதற்குமேல் ஏதோ அலுவலகம். புதிதாக வெளிர்மஞ்சள் அடித்திருந்தார்கள். வெயிலில் பளிச்சென்று, நேற்றுத்தான் கட்டியதைப் போல இருந்தது. படியில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. பல் டாக்டர் வாசலில் ஒரு பெண் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளைத் தாண்டும்போது ஏதாவது சொல்லலாமா என்று அண்ணி தயங்கி, என்ன சொல்வது என்று தெரியாமல் மேலே ஏறினாள்.

தையலகத்தில் ஐந்து தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்திலும் பெண்கள், மடியில் ஒரே நீலத்துணி, ஏதோ பள்ளிக்கூடச் சீருடை. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். கடிதங்களைப் படித்தபோது வயதானவளாக நினைத்திருந்தாள் அண்ணி. இவளுக்கு நாற்பதுகூட இருக்காது.

"நீங்க லெட்டர் எழுதுவீங்களே, அந்த ஆபீஸ்லருந்து வர்றேன்."

தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"இன்னைக்குத்தான் படிச்சேன்."

தையல்காரம்மா அவளை அலமாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். நடுத் தூண் அங்கே இருந்தது. வெளியே அடித்த மஞ்சள் இங்கேயும் அடிக்கப்பட்டிருந்தது. அந்தப் புதுப் பெயிண்டைக் கிழித்துக்கொண்டு வெடிப்பு தரையிலிருந்து கூரைவரை சாய்வாக ஏறியிருந்தது. அதன் குறுக்கே, முழ இடைவெளிக்கு ஒன்றாக, இரண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டிய வெள்ளை நூல்கள். ஏழெட்டு இருக்கும். எல்லாம் நடுவில் அறுந்து மீசை மாதிரி தொங்கின. நெஞ்சுயரத்தில் ஒன்று மட்டும் அறாமல் விறைப்பாக இருந்தது.

"அறுந்தா உங்களுக்கு எழுதுவேன். அறுந்ததை விட்டுட்டு வேற ஒட்டுவேன்" என்றாள் தையல்காரம்மா. "இது காலைல ஒட்டினது. ஒட்டும்போது தொளதொளன்னுதான் விட்டேன்."

அண்ணி அந்த நூலைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். கைப்பையில் போன் அடித்தது. யார் என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை நின்றாள். பிறகு அலமாரியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"எல்லாரும் எழுந்திருங்கம்மா. கீழ இறங்குங்க. பையைக்கூட அப்புறம் எடுத்துக்கலாம்."

ஒருத்தி நிமிர்ந்து தையல்காரம்மாவைப் பார்த்தாள். தையல்காரம்மா தலையசைத்தாள். "இந்தச் சட்டைக் கையை மட்டும் வச்சுத் தச்சுடுறேன் அக்கா" என்று ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள். அண்ணி அவள் தோளைத் தொட்டாள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மூன்று, பிறகு நான்கு, கடைசியாக ஜன்னலோரத்தது. செருப்பு தேடும் சத்தம். படியில் காலடிகள். கீழே தையல்காரம்மா ஒவ்வொரு மாடியாகக் கதவைத் தட்டி, கடைசியில் பல் டாக்டரைக் கூப்பிடும் குரல் கேட்டது. யாரோ மின்விசிறியை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அறையில் அத்தனை நீலத்துணியும் அசையாமல் கிடந்தது.

அண்ணி கடைசி ஆளாக வாசலுக்கு வந்தவள் அலமாரியின் இடுக்கு வழியே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காற்று துளிகூட இல்லை. தூணில் அந்த நூல் இரண்டாகத் தொங்கி, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.