தேவயானியின் இரண்டு நாள் லீவு

1

இது திருட்டுக் கதை. எட்டாம் வகுப்பு ஆனந்தியின் கட்டுரை நோட்டிலிருந்து எடுத்தேன்.

நெல்லிவாசல்நாட்டில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர் நான். குடியிருப்பது திருப்பத்தூரில், காலை பஸ்ஸில் மலையேறி, சாயங்கால பஸ்ஸில் இறங்குகிறவள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் 'கோடை விடுமுறையை நான் கழித்த விதம்' என்று ஒரு கட்டுரை கொடுத்துவிடுவேன். பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி, எனக்கு இரண்டு பீரியட் ஓய்வு. இந்த வருஷம் வந்த நோட்டுகளில் பெரும்பாலும் மாமா வீடு, புளி பொறுக்கியது, மாடு மேய்த்தது. ஆனந்தி மூன்றே வரி எழுதியிருந்தாள்.

'நாங்கள் கடலுக்குப் போனோம். கடல் பெரியதாக இருந்தது. அம்மா இரண்டு நாள் ஒரு வேலையும் செய்யவில்லை.'

நான் சிவப்பு மையில் 'இன்னும் விரிவாக எழுதவும்' என்று போட்டேன். அவள் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்:

ஜவ்வாது மலையின் பனி மூடிய முகடுகளுக்கு நடுவே ஓர் அழகிய—

(விட்டுவிட்டேன். இங்கே காலையில் யாரும் முகட்டைப் பார்ப்பதில்லை. பஸ் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.)

தேவயானி ஓர் ஏழைத் தாய். அவளுடைய கண்களில்—

(இதையும் விட்டேன். தேவயானி படிப்பாள். 'ஏழை' என்ற சொல்லைப் பார்த்தால் மறுநாள் எனக்குச் சாம்பார் ஊற்றமாட்டாள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். தேவயானி எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையல்காரர். ஆனந்தியின் அம்மா. தினமும் அறுபத்தெட்டு பிள்ளைகளுக்குப் பொங்கி, அந்தப் பாத்திரங்களைத் தேய்த்து, வீட்டுக்குப் போய் மூன்று பேருக்குப் பொங்குகிறவர். கணவர் ராஜ்குமாருக்குக் கொஞ்சம் சாமைக் காடு உண்டு. தை, மாசியில் குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்கப் போய்விட்டு வருவார்.

(பள்ளியில் நான் தேவயானியை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். கதைக்குள் நுழைந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறார். மரியாதைக் குறைவு இல்லை, எழுதுகிற கையின் பழக்கம். மன்னிக்கணும், தேவயானி.)

3

தொடங்கியது போன வருஷம் ஜூனில். ராஜ்குமார் யாரிடமோ போனில் குடகைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். மைசூர் தெரியும், மங்களூர் தெரியும், லாரியில் போகும்போது கடலைக்கூடப் பார்த்திருக்கிறேன் என்று. போனை வைத்ததும் தேவயானி கேட்டாள்.

"ஏங்க, வேலை இல்லாம எந்த ஊருக்காவது போய்கீறீங்களா?"

அவர் யோசித்தார். திருவண்ணாமலை தீபத்துக்குப் போனது ஞாபகம் வந்தது. அங்கேயும் கரும்பு ஜூஸ் கடையில் கூலிக்கு நின்றிருக்கிறார்.

"இல்ல."

"நானும் இல்ல. ஒரு தடவ போய்ட்டு வரணும். கடல் இருக்கிற ஊருக்கு. ரெண்டு நாள் போதும்."

"வேலை இல்லாம அங்க போய் இன்னா பண்றது?"

"அதான் தெரியல. போய்ப் பாத்தாதான் தெரியும்."

அன்றிலிருந்து சேமிப்பு. பெரிய சம்பளம் வருகிற வீடுகளில் சேமிப்பு என்பது எடுத்து வைப்பது. இவர்கள் வீட்டில் அது ஒவ்வொன்றாகக் கழிப்பது. புதூர்நாட்டுக்கு ஷேர் ஜீப்பில் போவதை விட்டுத் தேவயானி நடந்தாள். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். இரண்டு போனில் ஒன்றுக்குத்தான் ரீசார்ஜ். ஆனந்தி பார்க்கும் வீடியோக்கள் வாரத்துக்கு ஒரு நாளாகச் சுருங்கின. எண்ணெய், சோப்பு, பருப்பு மூன்றையும் பக்கத்து இரண்டு வீடுகளோடு சேர்ந்து திருப்பத்தூர் மொத்தக் கடையில் மாதம் ஒரு முறை வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது. பொங்கலுக்கு ஆனந்திக்கு மட்டும் துணி.

மிச்சமானது ஒரு பவுடர் டப்பாவில் சேர்ந்தது. டப்பாவை வீட்டில் வைத்தால் கரையும் என்று தேவயானி என்னிடம் கொண்டுவந்தாள்.

"டீச்சர், உங்க பீரோல வைங்க. நான் கேட்டாக்கூட மே மாசம் வரைக்கும் தராதீங்க."

"எதுக்குங்க?"

"சொல்றேன் டீச்சர்." சொல்லவில்லை.

4

ராஜ்குமாரைப் பற்றி எனக்கு ஒரு சிக்கல்.

கதை என்றால் இடையூறு வேண்டும். ஆகவே ஒரு பத்தி எழுதினேன். ராஜ்குமார் குடித்துவிட்டு வருகிறார், டப்பாவைத் தேடுகிறார், தேவயானியின் கையை முறுக்கி— நன்றாகவே வந்திருந்தது. படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வந்தது. மறுநாள் பள்ளிக்குப் போனால், அதே ராஜ்குமார் சமையற்கூடத்துக்கு விறகு பிளந்து போட்டுவிட்டு, "டீச்சர், மோர் குடிக்கிறீங்களா?" என்கிறார். பத்தியைக் கிழித்துவிட்டேன்.

அவர் செய்த குற்றம் ஒன்றுதான். ஐப்பசியில் ஆதார் வேலையாகத் திருப்பத்தூர் போனவர், பிரியாணி தின்றுவிட்டு வந்தார். பஸ் நிலையத்தில் மூன்று ஏலக்காயை மென்றிருக்கிறார்.

"இன்னாங்க, வாய் மணக்குது?"

"ஏலக்கா."

"ஏலக்கா எதுக்கு?"

"சும்மா."

"சும்மா ஏலக்கா திங்கிற ஆளா நீங்க? எந்தக் கடையில துன்னீங்க?"

அவர் கடையைச் சொன்னார். அதோடு விடாமல், "அரை பிளேட்டுதான்" என்றும் சொன்னார். தேவயானி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ராஜ்குமார் தானாகவே பீடியை விட்டார். முழுதாக இல்லை, பாதி. அந்தப் பாதியும் டப்பாவுக்கு வந்தது.

(இதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 'அரை பிளேட்டு' என்பதை மட்டும் கட்டாயம் போடச் சொன்னார்.)

5

மே மாதம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறாயிரத்து இருநூறு இருந்ததாம். மூன்று பேரும் திருவண்ணாமலை வழியாகப் பாண்டிச்சேரி போய், அங்கிருந்து கடற்கரை ஓரமாக வடக்கே ஒரு சின்ன மீனவ ஊரில் இறங்கினார்கள். டவுனில் லாட்ஜ் விலை அதிகம் என்று ராஜ்குமாரோடு குடகில் வேலை பார்த்த ஒருவர் சொல்லிவிட்ட இடம் அது. கீழே மெஸ், மேலே நாலு அறை. சாந்தம்மாள் என்கிற அம்மா நடத்துகிறார். அறை நாளுக்குத் தொள்ளாயிரம்.

முதல் நாள் சாப்பாட்டுச் செலவைக் குறைக்கத் தேவயானி வீட்டிலிருந்தே புளிச்சாமை கிளறி எடுத்துப் போயிருந்தாள். மலைப் புளி, வறுத்த வேர்க்கடலை, சாமைச் சோறு. அறைக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடும்போது சாந்தம்மாள் அந்தப் பக்கம் வந்தார். பார்த்துக்கொண்டு நிற்பவருக்குக் கொடுக்காமல் சாப்பிட முடியுமா? ஓர் இலையில் வைத்துக் கொடுத்தாள்.

சாந்தம்மாள் தின்றார். இலையை வழித்தார். "யாரும்மா செஞ்சது?"

"நான்தாங்க. ஸ்கூல்ல சமைக்கிறேன்."

சொல்லியிருக்கக் கூடாது என்று பிற்பாடு தோன்றியதாம்.

அன்று சாயங்காலம் முழுக்கக் கடல். ஆனந்தி நனைந்தாள், ராஜ்குமார் முட்டிவரை போனார், தேவயானி ஈர மணலோடு நின்றுகொண்டாள்.

6

மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டினார் சாந்தம்மாள்.

"ஏம்மா, என் சமையல்காரப் பொண்ணு காய்ச்சல்னு வரலை. சேலத்துலேர்ந்து இருபது பேர் சாப்பாட்டுக்கு வராங்க. நீ ரெண்டு வேளை ஒத்தாசை பண்ணேன். ரூம் வாடகை வேணாம். மேல கையில ஆயிரத்து ஐந்நூறு தரேன்."

வாசகரே, கணக்கு உங்களுக்கும் புரியும். வாடகை மிச்சம் ஆயிரத்து எண்ணூறு, கூலி ஆயிரத்து ஐந்நூறு. ஊரில் தேவயானி வீட்டுச் சமையல்கட்டு மேலே தகரம் ஓட்டை. ஆனி பிறந்தால் அடுப்பில் மழை ஒழுகும். தகரம் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுத்தான் இந்தப் பயணமே. இப்போது தகரமும் கிடைக்கும், கடலும் கிடைக்கும்.

"ரெண்டு வேளைதானே" என்றார் ராஜ்குமார். "நான் காய் வெட்டறேன். மத்தியானத்துக்கு மேல கடலுக்குப் போய்க்கலாம்."

முதல் வரைவில் நான் அவளைச் சம்மதிக்க வைத்தேன். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். அந்த வரைவில் சேலத்துக்காரர்கள் கை தட்டுகிறார்கள், சாந்தம்மாள் நிரந்தர வேலை தருகிறார், தேவயானி கடலோரம் சொந்தமாக ஒரு சாமைச் சோற்றுக் கடை வைத்து—

பிறகு ஆனந்தியின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'அம்மா இரண்டு நாள் ஒரு வேலையும் செய்யவில்லை.' என் வரைவு முழுக்கப் பொய்யாகிவிட்டது.

7

அதனால் நேரில் கேட்கப் போனேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தேவயானி அண்டாவைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னா சொன்னீங்க?"

"முதல்ல எழுந்துட்டேன் டீச்சர். கொண்டை போட்டுக்கினேன், முந்தானைய சொருகிக்கினேன். யாராவது சமையல்னு சொன்னா கை தானா போய்டுது. படியில பாதி எறங்கிட்டேன். கீழ அடுப்பு தெரியுது, அண்டா தெரியுது. நம்ம ஸ்கூல் அண்டா மாதிரியே. அங்கியே நின்னுட்டேன்."

"ஏன்?"

"ஒரு வருஷம் ஏத்தத்துல நடந்தது இந்த அண்டாவுக்கா? இத தேய்க்க நம்ம ஊரே போதுமே?"

"என்ன சொன்னீங்க அந்தம்மாகிட்ட?"

தேவயானிக்குச் சொல்லும்போதே வெட்கம் வந்தது. தேங்காய் நாரைக் கீழே வைத்தாள்.

"'அம்மா, நான் லீவுல வந்துகீறேன்'னேன்."

"அவங்க?"

"என்னையே பாத்தாங்க. மூணாயிரத்த வேணாம்னு சொல்ற மொகமா இதுன்னு நினைச்சிருப்பாங்க. அப்புறம் சிரிச்சுட்டாங்க. 'நானும் பதினெட்டு வருஷமா லீவு போடல, போ, நீயாவது போ'ன்னாங்க. அவங்களே அடுப்பு பத்த வெச்சாங்க. எங்க வூட்டுக்காரருக்கு மனசு கேக்கல, பத்து கொடம் தண்ணி தூக்கிக் குடுத்துட்டு வந்தாரு. பைசா வாங்கல."

"உங்களுக்கு மனசு கேட்டுதா?"

"மத்தியானம் நானும் கீழ போய் இலையில உக்காந்தேன். சாம்பார்ல உப்பு ஜாஸ்தி, பருப்பு வேகல." அவள் குரலில் அப்படி ஒரு நிறைவு. "நான் ஒண்ணுமே சொல்லல டீச்சர். மூணு தடவ சோறு வாங்கித் துன்னேன்."

(இந்த இடத்தில் நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு வருஷமாக 'தேவயானி, கொஞ்சம் புளி சுத்தம் பண்ணித் தாங்க, கொஞ்சம் சாமை புடைச்சுத் தாங்க' என்று வாங்கிப் போகிறவள் நான். அன்றைக்கும் கையில் ஒரு காலிப் பை இருந்தது. அதை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன்.)

8

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகையை முழுதாகக் கொடுத்தார்கள். சாந்தம்மாள் ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். ஊர் திரும்பியபோது கையில் எழுநூற்றுச் சொச்சம். தகரத்துக்குப் போதவில்லை. ராஜ்குமார் புதூர்நாட்டில் எட்டு நாள் புளி உடைக்கப் போனார். மழைக்கு இரண்டு நாள் முன்னால் தகரம் ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை. ராஜ்குமார் ஒரு தடவை மட்டும், "மூணாயிரத்து முந்நூறு" என்று பெருமூச்சு விட்டாராம். "அரை பிளேட்டு" என்றாளாம் தேவயானி. அவர் அடங்கிவிட்டார்.

அடுத்த வருஷத்துக்கு இன்னொரு டப்பா வந்திருக்கிறது. எந்த ஊர் என்று இந்த முறையும் சொல்லவில்லை.

9

முடிவு என்று ஒன்று பாக்கி இருக்கிறது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ராஜ்குமார் ஆனந்தியைக் கூட்டிக்கொண்டு, படகுகள் கரையேறுவதைப் பார்க்கப் போனார். தேவயானி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டு மணி நேரம் தனியாக மணலில் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்தாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். உக்காந்திருந்தேன்."

"என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணும் நினைக்கல."

கதை எழுதுகிறவளுக்கு இது போதாது. அவள் அலைகளை எண்ணினாள் என்று எழுதினேன். அடித்தேன். தன் சின்ன வயதை நினைத்து அழுதாள், மணலில் மகளின் பெயரை எழுதினாள், வாழ்க்கை கடலைப் போல— எல்லாவற்றையும் அடித்தேன். எதை எழுதினாலும் அது அவளுக்கு நான் கொடுக்கிற வேலையாகவே இருக்கிறது.

ஆகவே அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நான் போகவில்லை. முடிவு வேண்டும் என்பவர்கள் எழுதிக்கொள்ளலாம். ஒரே ஒரு கோரிக்கை. அவள் உட்கார்ந்திருக்கிற பக்கம் போக நேர்ந்தால், கூப்பிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். இடம் நிறைய இருக்கிறது.