மடிக்கு விடுப்பு இல்லை

மனித குலத்தின் மேலான கவனத்துக்கு: வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரகடம் சிப்காட்டில், குடும்பம் என்ற ஒன்று உலகில் இருப்பது அதிகாரபூர்வமாகக் கொண்டாடப்படும்.

காருக்கு இருக்கை தைக்கும் அந்தக் கம்பெனியின் அறிவிப்புப் பலகை இதையே கொஞ்சம் அடக்கமாகச் சொல்லியிருந்தது. ‘குடும்ப தினம். நாம் அனைவரும் ஒரே குடும்பம்.’ கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. நிரந்தரத் தொழிலாளர்கள் மனைவி, மக்கள், பெற்றோரை அழைத்து வரலாம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் தனியாக வர வேண்டும், கட்டாயம் வர வேண்டும், அன்று யாருக்கும் விடுப்பு கிடையாது. பந்தலில் ஆயிரம் நாற்காலி போடுகிறார்கள். காலி நாற்காலி வீடியோவில் விழுந்தால் குடும்பம் சின்னதாகத் தெரியும் அல்லவா?

ஐயனார் ஒப்பந்தத் தொழிலாளி. அதே ஞாயிற்றுக்கிழமைதான் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊரில் அவன் தங்கை இசக்கிசெல்வி, மகள் தென்றலுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தாள். பிள்ளையை மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். இருப்பது ஒரே மாமன். முதல் மொட்டை போட்டபோதும் அவனுக்கு விடுப்பு கிடைக்காமல், பிள்ளை சித்தப்பன் மடியில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து இசக்கியின் மாமியார் வீட்டில் அவனுக்குப் பெயர் ‘போன் மாமா’. இப்போது தென்றலுக்கு மூன்று முடிய இன்னும் பத்து நாள். நாலு பிறந்துவிட்டால் இரட்டைப்படை, குத்தக் கூடாது. ஐந்து வரை பிள்ளையின் காதை மூளியாக விட மாமியார் தயாராக இல்லை. மாமன் வராவிட்டால் என்ன, சித்தப்பன் மடி எங்கேயும் போய்விடவில்லை என்று சொல்லிவிட்டார்.

கம்பெனியின் மனிதவளத் துறையில் பிரசன்னா என்பவர் இருந்தார். நல்ல மனிதர். கணினியைக் கேட்காமல் எதையும் மறுக்க மாட்டார்.

“எதுக்குப்பா லீவு?”

“தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து சார்.”

“காது அந்தப் பிள்ளையோடது. உனக்கு எதுக்கு லீவு?”

“மடி என்னோடது சார்.”

பிரசன்னா திரையைப் பார்த்தார். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை என்று ஒரு பட்டியல் இறங்கியது. கடைசிவரை இறக்கிப் பார்த்தார், பாவம்.

“சிஸ்டத்துல மாமா இல்லப்பா.”

“நான் இருக்கேனே சார்.”

“நீ இருக்க. ஆப்ஷன் இல்ல. அதோட அன்னிக்கு ஃபேமிலி டே. ஃபேமிலி டே அன்னிக்குப் போய் ஃபேமிலி விஷயம்னு லீவு கேட்டா எப்படி? வரலன்னா கான்ட்ராக்டர் உன் இடத்துல வேற ஆளப் போட்டுருவார். அப்புறம் எங்கிட்ட வரக் கூடாது.”

அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தான். அவள் சத்தம் போடுவாள், அழுவாள் என்று நினைத்திருந்தான்.

“நீ வர முடியலன்னா விடுண்ணே. காது அங்க வரும்.”

“ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? பிள்ளையத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் எப்பிடி வருவ?”

“ரயில்லதான். அவளுக்கு இன்னும் டிக்கெட் கெடையாது. எங்க மாமியாட்ட கேட்டுட்டேன். மாமன் மடியில பிள்ள இருக்க மாதிரி ஒரு போட்டோ கொண்டா, நம்புதேம்னு சொல்லுதாவ.”

திட்டம் எளிமையானது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆசாரி பரசுராமன் கடை. காது குத்தி முடித்ததும் ஐயனார் கம்பெனி பஸ்ஸில் குடும்ப தினத்துக்குப் போவான், தங்கை திரும்ப ரயிலுக்குப் போவாள். பட்டுப்பாவாடையும் அரை கிராம் கம்மலும் அவன் வாங்கி வைத்திருந்தான். எல்லாரும் திட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள். ரயில் கட்டுப்படவில்லை. விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் மூன்று மணி நேரம் நின்றது. முன்பதிவில்லாத பெட்டியில், கழிவறைக் கதவுக்கு எதிரே, பையின் மேல் தான் உட்கார்ந்து தன் மேல் பிள்ளையை உட்கார வைத்திருந்த இசக்கியிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஐயனார் எட்டரை வரை காத்திருந்து, கம்மலையும் பாவாடையையும் ஆசாரியிடமே கொடுத்து அவரைக் கம்பெனி வாசலுக்கு வரச் சொல்லி, தங்கைக்கும் போனில் அதையே சொல்லிவிட்டு பஸ் ஏறினான். இசக்கி செங்கல்பட்டில் இறங்கி, பஸ் பிடித்து, ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து கம்பெனி வாசலுக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். ஆசாரியும் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்துவிட்டார். வரும்போதே நேரக் கணக்கும் சொன்னார்.

“பன்னெண்டுக்கு எமகண்டம் பொறக்குது. அதுக்குள்ள முடிச்சாவணும்.”

பந்தலில் மூன்றாவது வரிசையிலிருந்து குனிந்தபடி நழுவி ஐயனார் கேட்டுக்கு ஓடினான். அங்கே செக்யூரிட்டி கோதண்டம். பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர்.

“இன்னாபா, உள்ள ஃபங்சன் நடந்துகினு கீது, நீ இங்க இன்னா பண்ற?”

“வெளிய தங்கச்சி நிக்காண்ணே. அஞ்சு நிமிசம்.”

“கேட் பாஸ் கீதா?”

“இல்லண்ணே.”

“அதுங்கிட்ட உள்ள வர பாஸ் கீதா?”

“இல்லண்ணே.”

“அப்ப நீயும் வெளிய போவ முடியாது, அதுவும் உள்ள வர முடியாது.” கோதண்டம் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். வேகத்தடை மேல் ஒரு சின்னப் பெண், புதுப் பாவாடையும் கசங்கிய கனகாம்பரமுமாக, தூங்கிக்கொண்டே நின்றது. கோதண்டம் மீசையைத் தடவினார். “இந்த கேபினுக்கு ரெண்டு கதவு கீது பாரு. அந்தாண்ட கதவு ரோட்டுக்கு. இந்தாண்ட கதவு கம்பெனிக்கு. நடுவுல பெஞ்சி. பெஞ்சி யாருதுன்னு இதுவரிக்கும் ஒரு சர்க்குலரும் வரல.”

ஐயனார் ஒரு கதவால் வந்தான். அவர்கள் மறு கதவால் வந்தார்கள்.

அண்ணனும் தங்கையும் பார்த்து மூன்று வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அவன் காதோரம் நரைத்திருந்தது. போனில் அது தெரிந்ததில்லை. அவள் பிள்ளையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். தென்றல் விறைத்துப்போய் உட்கார்ந்தது. அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பிறகு குனிந்து, தான் உட்கார்ந்திருந்த தொடையை, முழங்காலை, கீழே அந்தப் பெரிய சேஃப்டி ஷூவை வரிசையாகப் பார்த்தது.

“எம்மா, இது போன்ல வார மாமாவா?”

“ஆமாட்டி.”

“மாமாவுக்குக் காலு இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. கோதண்டம் வருகைப் பதிவு நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். ஆசாரி ஊசியை ஏற்கெனவே துடைத்திருந்தும் இன்னொரு தடவை துடைத்தார். ஐயனார் பிள்ளையின் தலையை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டான். அது அவன் கழுத்து அட்டையின் கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டது.

பந்தலில் ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தது. பெரிய அதிகாரி. “வேலை எப்போதும் இரண்டாவதுதான். முதலில் குடும்பம்.”

ஆசாரி வலது காதைக் குத்தினார்.

தென்றல் போட்ட அலறலில் பேச்சு ஒரு நொடி நின்றது. பிறகு, கூட்டத்தில் யாரோ உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு, பலத்த கைதட்டல். அது அடங்குவதற்குள் இடது காதும் முடிந்தது. ஒரு துளி ரத்தம் கேபின் தரையில் விழுந்தது. மேலே பலகை ‘விபத்தில்லா நாட்கள்: 412’ என்றது. யாரும் திருத்தவில்லை.

“போட்டோ எடுக்கணும்ணே,” என்றாள் இசக்கி.

“கம்பெனில போட்டோ எடுக்கக் கூடாதும்மா,” என்றார் கோதண்டம். “ரூல்ஸ் கீது.” சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். “நான் ரோட்ட பாத்துகினு கீறேன். சீக்கிரம்.”

மாமன், மடி, கால், கம்மல் எல்லாம் தெரிகிற மாதிரி இசக்கி எடுத்தாள். அங்கேயே ஊருக்கு அனுப்பினாள். மாமியாரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அதை அவள் அண்ணனிடம் காட்டவில்லை, திரும்பத் திரும்பத் தானே பார்த்துக்கொண்டாள்.

விருந்து முழுவதும் ஒரு தூக்குவாளிக்குள் இருந்தது. புளிச்சோறு. வாழையிலைத் துண்டில் ஆசாரிக்கும் கோதண்டத்துக்கும் முதலில் வைத்தாள். ஐயனார் நின்றுகொண்டே இரண்டு வாய் சாப்பிட்டான். பிள்ளை தேம்பல் அடங்கி, அவன் முழங்காலை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போனது.

“அஞ்சாறு மாசத்துல நான் அங்க வாரேன்ட்டி.”

“வாண்ணே,” என்றாள் இசக்கி. வருவான் என்று நம்புகிற குரலில்தான் சொன்னாள். சாயங்கால ரயிலின் முன்பதிவில்லாத பெட்டியில் இடம் பிடிக்க இப்போதே கிளம்ப வேண்டியிருந்தது.

அவன் பந்தலுக்குத் திரும்பியபோது அவன் நாற்காலியில் யாரோ ஒருவரின் மாமனார் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டரின் ஆள் வரிசை வரிசையாகத் தலை எண்ணி, இல்லாதவர் பெயரைக் குறித்து, பிரசன்னாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

குடும்ப தினத்தன்று ஐயனார் ஆப்சென்ட்.