பாராமல் இட்ட கையொப்பம்

வெள்ளிக்கிழமை காலை. குரங்கணிச் சாலையோரத்து மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்துக்குள், சத்துணவுச் சமையலர் வேலுத்தாய் தளும்பும் தம்ளரை ஏந்தியபடி நுழைந்தாள். செய்முறை ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த மாணவியர் எழுத்தை நிறுத்தினர்.

"மோந்து பாருங்க டீச்சர். இப்பத்தான் பைப்புல பிடிச்சேன். பிளீச்சிங் பவுடரு வாடை மூக்கைப் பிடுங்குது. இதைப் போயி மருந்தே போடாத தண்ணின்னு ஊருக்கே சொல்லிட்டீகளே!"

ஆசிரியை ரேணுகா தம்ளரைத் தொடவில்லை. "வாடையை வச்சுச் சொல்ல முடியாதுக்கா. நானா சொல்லல. கருவி காட்டுச்சு."

"ஆமா, கருவிக்கு வாயிருக்கு, எம் புருசனுக்குத்தான் இல்ல. இன்னைக்கு மூணு மணிக்குக் கூட்டம் போட்டு அவரு வேலையைப் பிடுங்கப் போறாக. போடாத பவுடரை அவரு என்ன, சோத்துல பிசைஞ்சா தின்னாரு? கேட்டுச் சொல்லுங்க உங்க கருவிகிட்ட!"

தம்ளரை மேசைமேல் ஓங்கி வைத்துவிட்டு அவள் சமையற்கூடத்துக்குத் திரும்பினாள். சிந்திய நீர் ஏடுகளை நோக்கி ஓடியது.

நடந்தது இதுதான். நீரின் ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் அளந்து, கம்பியின்றியே கைப்பேசிக்கு அனுப்பும் உணரி ஒன்று அவ்வாண்டு பள்ளிக்கு வந்திருந்தது. கிருமிநாசினி போதிய அளவு கலந்த நீரில் அது அறுநூற்றைம்பதைத் தாண்ட வேண்டும். திங்களன்று ஊர்க் குடிநீர்த் தொட்டியை மாணவியரோடு சென்று அளந்தபோது முந்நூற்றுப்பத்து என்று காட்டியது. ரேணுகா அந்த எண்ணை ஊர் வாட்ஸ்அப் குழுவில் இட்டாள். பொழுது சாய்வதற்குள், பதினான்கு ஆண்டுகளாகத் தொட்டியைப் பேணிவந்த வேலுத்தாயின் கணவர் முத்துப்பாண்டி, மருந்து போடாமல் ஊரை ஏய்த்தவர் ஆனார்.

வகுப்பு கலைந்தது. ரேணுகாவுக்கு இருக்கை கொள்ளவில்லை. தம்ளரை எடுத்து முகர்ந்தாள். நாசி சுரீரென எரிந்தது. பீரோவைத் திறந்து உணரியை எடுத்துச் சாளரத்து ஒளியில் பிடித்தாள். பிளாட்டின முனையைச் சுற்றிய பள்ளத்தில் மஞ்சளாய் ஏதோ காய்ந்து படிந்திருந்தது; அதன் நடுவே செம்மையாய் ஒரு துளி.

"கன்னையண்ணே, இது என்னது?"

ஆய்வக உதவியாளர் கன்னையன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "சந்தனம், டீச்சரம்மா. ஆயுத பூசைக்கு வச்சது. தராசு, பியூரெட்டு எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். இது புதுசா வந்த பொருளாச்சேன்னு மூடியைக் கழட்டி, மூக்குலயே நல்லா அப்பிவிட்டேன். மறுநாள் துடைச்சேனே, போகலையா?"

கலைமகளுக்குரிய வழிபாட்டில் அவர் ஒருநாளும் குறை வைத்தவரல்லர். அந்த முனை நீரை நேரே தொட்டால்தான் மெய்யான அளவைத் தரும் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

ரேணுகா பீரோவின் அடித்தட்டைக் குடைந்தாள். உணரியோடு வந்த தரக் கரைசல் புட்டியைத் தேடினாள். ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் அதில் முனையை அமிழ்த்தி, நானூற்றெழுபது காட்டுகிறதா என்று பார்த்தாக வேண்டும். புட்டி அகப்பட்டது. முத்திரை உடைபடவே இல்லை. அருகிருந்த பதிவேட்டிலோ, திங்கட்கிழமைக்கு நேராகவும் அதற்கு முந்தைய பத்து நாள்களுக்கு நேராகவும், "தரக் கரைசலில் சரிபார்க்கப்பட்டது" என்ற வரியும் அவளுடைய கையொப்பமும் அழகாக நின்றன.

முத்திரையைக் கிழித்தாள். முனையை அமிழ்த்தினாள். கைப்பேசியில் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

மென்தூரிகையால் சோப்புநீரில் முனையைத் துலக்கி, அலசி, மீண்டும் அமிழ்த்தினாள். நானூற்று அறுபத்தெட்டு. பிறகு வேலுத்தாயின் தம்ளரில் இட்டாள். எண் ஏறி ஏறி, எழுநூற்றிரண்டில் நின்றது.

"சாமி கும்பிட்டது குத்தமாப் போச்சா டீச்சரம்மா?" என்று கேட்டார் கன்னையன். "ரிட்டயராக ஏழு மாசம்தான் கெடக்கு."

தலைமையாசிரியர் பாண்டியராஜன் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். "சந்தனம் பூசினது கன்னையன்தானே? அவரே எழுதிக் கொடுக்கட்டும். ஏன் உங்க பேரு அடிபடணும்? அந்தப் பதிவேட்டை எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்."

எவ்வளவு எளிய வழி! ரேணுகா வெளியே வந்து நடைகூடத்தில் நின்றாள், நடந்தாள், மறுபடி நின்றாள். மலைமேல் கருமேகம் திரண்டுகொண்டிருந்தது. தான் படித்த நாளில் மூத்த மாணவியின் ஏட்டைப் பார்த்து அளவுகளை எழுதியதும், இன்று தன் மாணவியர் அதையே செய்யக் கண்டும் காணாதிருப்பதும் நினைவில் வந்து குத்தின. அப்பொய்கள் எவரையும் சுட்டதில்லை என்றே இதுகாறும் எண்ணியிருந்தாள். மணி இரண்டே முக்கால். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மழைத்தூறலில் ஊராட்சி அலுவலகத்துக்கு விரைந்தாள்.

"வாங்க டீச்சர்," என்றார் தலைவர் ஜக்கையன். "நீங்க சொன்னதைத்தான் தீர்மானமா எழுதிக்கிட்டிருக்கோம்."

சுவரோரம் கைகட்டி நின்ற முத்துப்பாண்டி அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"எழுதாதீங்கய்யா. தண்ணியில கோளாறு இல்ல. நான் அளந்ததுதான் தப்பு." நடந்ததை அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"அப்ப எல்லாத்துக்கும் அந்தப் பூசாரி கன்னையன்தான் காரணம்னு சொல்லுங்க," என்று ஒருவர் எடுத்துவிட, கூட்டம் சிரித்தது.

"அவரைச் சொல்லாதீங்க. அவரு தெரியாம வச்சாரு. ஒரு தடவை கரைசல்ல முக்கிப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பாக்காமலே பாத்தேன்னு எழுதுனவ நான்."

சிரிப்பு அடங்கியது. ஜக்கையன் எழுதிய தாளை நெடுக்காகக் கிழித்தார்.

முத்துப்பாண்டி அப்போதுதான் வாய் திறந்தார். "டீச்சர், இங்கன இருபது பேருதான் இருக்கோம். அந்த நம்பரு முந்நூறு போனுக்குப் போச்சு. நாலு நாளா எம் மக டியூசனுக்குப் போகல."

ரேணுகா பதிவேட்டின் பக்கத்தை விரித்துத் தன் கையொப்பம் தெரியும்படி படமெடுத்தாள். அதே குழுவில் அதை இட்டு, அதன்கீழ் எழுதினாள்:

"முத்துப்பாண்டி அண்ணன் மேல் குற்றமில்லை; திங்களன்று நான் இட்ட எண்தான் தவறு. சரிபாராமல் 'சரிபார்த்தேன்' என்று கையொப்பமிட்டவள் நான். அப்படி இடும் கையொப்பம் சோம்பல் அன்று; பொய். அந்தப் பொய்யின் தண்டனையை எப்போதும் வேறொருவரே சுமக்கிறார். என்னை மன்னியுங்கள் அண்ணா. — ரேணுகா, வேதியியல் ஆசிரியை."