நாலு விரல் இடைவெளி

கப்பலில் இரண்டாவது இன்ஜினீயராக இருந்த கணவன் எட்டு மாதம் முடிந்து மாதக் கடைசியில் வந்துவிடுவான் என்று அவள் பத்து நாள் லீவு சொல்லி வைத்திருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்ப்பது அவள் வேலை. முதலாளியிடம் லீவு வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த நேரம் பார்த்துத்தான் போனில் செய்தி வந்தது.

“மாத்து ஆள் வரல. இன்னும் நாலு மாசம் இருக்கச் சொல்றாங்க. சரின்னுட்டேன். காரை ஜாக்கி போட்டுத் தூக்கி நாலு இரும்பு ஸ்டாண்டு மேல வச்சிடு. ஒரே இடத்துல நின்னா டயர் சப்பையாயிடும்.”

மூன்று முறை படித்தாள். நாலு மாதம் இருந்தது, கார் இருந்தது, டயர்கூட இருந்தது. தன்னைப் பற்றி ஒரு சொல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடித்தேடிப் பார்த்தாள். இல்லை.

“எட்டு மாசமா நானும்தான் ஒரே இடத்துல நிக்கறேன்,” என்று போனைப் பார்த்துச் சொன்னாள். பதிலுக்கு “சரி” என்று மட்டும் அனுப்பினாள்.

கார் அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. பச்சை நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். “அது உனக்கு மூத்தாள்,” என்பாள் அண்ணி, அவனுடைய அக்கா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், வாய் ஹாரனைவிடச் சத்தம்.

சனிக்கிழமை காலையில் அண்ணி வந்து சேர்ந்தாள். காரேஜ் கதவைத் திறந்து, குனிந்து, இன்னும் குனிந்து, கடைசியில் முட்டி போட்டு காருக்கு அடியில் பார்த்தாள்.

“என் பஸ்ஸுக்கு அடியில பந்தி போடலாம். இதுக்கு அடியில பல்லி போனாலே முதுகு உரசும்டி. ஜாக்கி எங்க போகும்?”

அவள் விரலை வைத்துப் பார்த்தாள். முன்பக்க விளிம்புக்கும் தரைக்கும் நாலு விரல் இடைவெளி. ஜாக்கியின் தலையே அதைவிட உயரம். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சட்டத்தில் உட்காராத லென்ஸோடு மல்லுக்கட்டிப் பழகியவள் என்பதால் அவளுக்குப் பதற்றம் வரவில்லை.

“ஜாக்கி கீழ போகாதுன்னா, கார் மேல வரட்டும் அண்ணி.”

மூலையில் கிடந்த இரண்டு தடிப்பலகைகளை எடுத்தாள். ஒரு முனை சரிவாகச் சீவியிருந்தது; அவன் வேலைதான். முன்சக்கரங்களுக்கு முன்னால் ஒன்றொன்றாக வைத்தாள். அண்ணி பக்கவாட்டில் தள்ளி நின்று கையைக் காட்ட, அவள் காரை அங்குலம் அங்குலமாக ஏற்றினாள். முன்பக்கம் மூக்கைத் தூக்கியது. கியரைப் போட்டு, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டையை இறுக்கி அடித்தாள்.

இப்போது ஜாக்கி நுழைந்தது. அதன் கைப்பிடியை மேலும் கீழும் நாலு தடவை அடித்திருப்பாள். தகரத்தை மிதித்த மாதிரி ஒரு முனகல்.

“நிறுத்து! நிறுத்துடி!” என்று அண்ணி அலறினாள். “மூத்தாள் சாபம் விடறா!”

அவள் மெதுவாக இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். ஜாக்கி கெட்டியான இடத்தில் இல்லை, வெறும் தகரத்தில் இருந்திருக்கிறது. லேசாக நசுங்கியிருந்தது. காரின் கையேட்டை எடுத்துவந்து படத்தைப் பார்த்தாள். முன்பக்கம் நடுவில் குறுக்கே ஓடும் கனத்த இரும்பில்தான் ஜாக்கி நிற்க வேண்டும். ஸ்டாண்டு, சக்கரத்துக்குப் பின்னால் ஓரத்தில் வலுவாகச் செய்த இடத்தில். ஜாக்கியின் தலையில் ரப்பர் கட்டையை வைத்து மறுபடி அடித்தாள். இந்த முறை முனகவில்லை. இரண்டு பக்கமும் ஸ்டாண்டைக் கொடுத்து எடையை அதன்மேல் மெல்ல இறக்கினாள். பின்பக்கமும் அப்படியே. கடைசியில் அண்ணியும் அவளும் ஆளுக்கொரு பக்கம் நின்று காரைத் தள்ளி அசைத்துப் பார்த்தார்கள். மலை மாதிரி நின்றது.

“ஏதாவது ஒழுகுதான்னு பாத்துட்டு வந்துடறேன்,” என்று அட்டையை விரித்துப் படுத்தாள்.

“ஜாக்கியையும் அப்படியே முட்டுக்கொடுத்து வச்சிருக்கேன். போ. சீக்கிரம் வா.”

முதுகால் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள். எண்ணெய் வாடை. அவன் சட்டையில் வரும் அதே வாடை. எட்டு மாதமாகத் துவைத்துத் துவைத்து அலமாரியிலிருந்து போய்விட்ட வாடை இங்கே ஒளிந்திருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள்.

டார்ச்சைத் திருப்பினபோது மூக்குக்கு நேர் மேலே வெள்ளைப் பெயிண்டில் எழுத்து தெரிந்தது. இடமும் வலமும் அம்புக்குறி. நடுவில் அவன் கோணல் கையெழுத்து.

“இங்கே மட்டும் தூக்கு. ரப்பர் வை. ஸ்டாண்டு போடாம உள்ளே வராதே. தங்கம் பத்திரம்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காரைத் தூக்கிய பிறகுதான் படிக்க முடிகிற இடத்தில், காரை எப்படித் தூக்குவது என்று எழுதிவைத்திருக்கிறான் மகராசன்! சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு முழுக்க அவன் இந்தக் காருக்கு அடியில்தான் கிடந்தான். வெளியே இரண்டு பாதம் மட்டும் தெரியும். கடைசி நாளைக்கூட எனக்குத் தரவில்லையே என்று அன்று ராத்திரி அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“உள்ள என்னடி சத்தம்? அடிபட்டுடுச்சா?”

“இல்ல அண்ணி. ஒண்ணும் ஒழுகல.”

“உன் மூக்கு ஒழுகற சத்தம் இங்க கேக்குது. வெளிய வா.”

வெளியே வந்து கையைக்கூடத் துடைக்காமல் போன் போட்டாள். அதிசயமாக உடனே கிடைத்தது. குரல் போய்ச் சேர்ந்து திரும்ப இரண்டு மூச்சு நேரம் ஆனது.

“தூக்கிட்டேன். நீங்க எழுதினதைப் பாத்தேன்.”

“தூக்கினப்புறமா பாத்தே?”

“வேற எப்படிப் பாக்கறது?”

கொஞ்ச நேரம் கழித்து அவன் சிரிப்பு வந்து சேர்ந்தது. “அட, ஆமால்ல.”

“தங்கம் பத்திரம்னு எழுதியிருக்கீங்களே. அது காரா, நானா?”

“ஸ்டாண்டு போடாம உள்ள வராதேன்னு காருக்கா சொல்லுவாங்க?”

எண்ணெய்க் கையாலேயே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனே பேசினான். “நீ எப்பவும் ‘இங்க எல்லாம் நல்லா இருக்கு’ன்னுதானே எழுதறே. நான் இல்லாம உனக்கு ஒண்ணும் குறையலன்னு நெனச்சேன். அதான் கேட்ட உடனே சரின்னுட்டேன்.”

“குறையுது,” என்றாள்.

அது போய்ச் சேர்ந்ததா இல்லையா தெரியவில்லை. லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டாள், கிடைக்கவில்லை. அந்த ஒரு சொல்லை எழுத்தில் அனுப்பிவிட்டுக் காரைப் பார்த்தாள். நாலு சக்கரமும் காற்றில் தொங்க, எங்கும் போக வழியில்லாமல் நின்றது.

“அண்ணி, இறக்கிடலாம்.”

“ஏண்டி, இப்பத்தானே ஏத்தினோம்! என் இடுப்பு போச்சு!”

“ஓட்டினா டயர் சப்பையாகாது. நானே ஓட்டறேன்.”

ஏற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில், அவசரப்படாமல், ஒவ்வொரு ஸ்டாண்டாக எடுத்தார்கள். அண்ணி திட்டிக்கொண்டே கூட நின்றாள்.

அன்று சாயங்காலம் பதில் வந்தது. ஒப்பந்தத்தைச் சுருக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டானாம். விடுவார்களா என்று சொல்ல முடியாதாம். கேட்காமல் இருந்தது தப்பு என்று புரிகிறதாம். அவள் அதையும் மூன்று முறை படித்தாள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை தோறும் பச்சைக் கார் வெளியே வருகிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் கோணலாக, அடி உரசிச் சிணுங்க விடாமல் ஏற்றி இறக்குகிறாள். பக்கத்து இருக்கையில் மடங்கி உட்கார்ந்த அண்ணி, “தரையில பாய் போட்டுத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு,” என்கிறாள். கப்பல்காரர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. சிக்னலில் நிற்கும்போது போனை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். பிறகு கியரைப் போட்டுக் கிளம்புகிறாள்.