உள்பக்கத்துச் சாவி

இரட்டைப் பிள்ளைகள். பதினோரு நிமிட இடைவெளியில் பிறந்தார்கள், குணத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பையன் யார் கை நீட்டினாலும் தாவிவிடுவான். அவனுக்கு வீட்டில் பெயர் ஊர்ச்சொத்து. பெண் அம்மாவின் இடுப்பில் ஒட்டினால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் அவள் அட்டை. ஒரு புது முகத்தைச் சகித்துக்கொள்ளவே அவளுக்கு இரண்டு வாரம் வேண்டும். அது பிடிவாதமும் இல்லை, செல்லம் கொடுத்துக் கெட்டதும் இல்லை, பிறவிக் குணம். நாலு போடு போட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்ன உறவுக்காரர்கள் ஒருவரும் ஒருநாளாவது அவளைப் பார்த்துக்கொள்ள வந்ததில்லை.

நான்கு வயதில் குழந்தைகள் காப்பகத்தில் விட்டபோது ஊர்ச்சொத்து முதல் நாளே பொம்மை லாரி ஓட்டப் போய்விட்டான். அட்டை ஒன்பது நாள் தொண்டை கட்டும்வரை அழுதாள். அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கும் வேலை. ஐந்து நிமிடம் தாமதித்தாலும் மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பத்தாம் நாள் அவள் வீட்டுச் சாவியை ஒரு நாடாவில் கோத்து மகளின் கழுத்தில் மாட்டினாள்.

"இது உங்கிட்ட இருக்கட்டும். சாவி இல்லாம அம்மா வீட்டுக்குள்ள போக முடியுமா?"

அட்டை யோசித்தாள். "முடியாது."

"அப்ப உன்னைக் கூப்பிட வந்துதானே ஆகணும்?"

நியாயமான பேச்சு. அன்றோடு அழுகை நின்றது. மதியம் எல்லோரும் பாயில் தூங்கும்போது அவள் சாவியின் பற்களை விரலால் தடவிக்கொண்டு படுத்திருப்பாள். பாவம் அம்மா, நான் போகாவிட்டால் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்வாள். அந்தத் தைரியத்தில் களிமண்ணைத் தொட்டாள், பக்கத்துப் பிள்ளைக்கு வண்ணப் பென்சில் கொடுத்தாள், ஒருநாள் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள். சாயங்காலம் மூன்று மாடி ஏறி, நுனிக்காலில் நின்று கதவைத் திறப்பது அவள் உரிமை. ஊர்ச்சொத்து ஒருமுறை பங்கு கேட்டு, கடி வாங்கிக்கொண்டான்.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் ஊர்ச்சொத்து வாந்தி எடுத்தான். காப்பகத்து டீச்சரக்கா சலவைக்கூடத்துக்குப் போன் செய்தாள். மறுமுனையில் சொன்னதைக் கேட்டு, "ஓ, அப்படியா?" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, அட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அட்டைக்குப் பெருமை பிடிபடவில்லை. "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க, டீச்சரக்கா. வீடு பூட்டியிருக்கும். பயப்படாதீங்க, சாவி எங்கிட்டதான் இருக்கு."

டீச்சரக்கா தெருவைப் பார்த்தே நடந்தாள்.

மூன்றாம் மாடியில் அட்டை நுனிக்காலில் நின்று திறக்கப் பார்த்தாள். சாவி பாதிக்கு மேல் நுழையவில்லை. திருப்பிப் போட்டாள், அழுத்தினாள். உள்ளே ஏதோ இடித்தது. மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. டீச்சரக்கா மணியை அடித்தாள். கதவைத் திறந்தது அம்மா. தலை கலைந்திருந்தது, கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். பூட்டின் உள்பக்கத்தில் இன்னொரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு மாதமாக அவளுக்குச் சனிக்கிழமையும் விடுமுறை. யாரும் "அம்மா" என்று கூப்பிடாத ஒரே ஒரு பகல், வாரத்துக்கு ஒன்று, அவளுக்கு வேண்டியிருந்தது. நான்கு வயதுக்கு அதெல்லாம் தெரியுமா? அட்டைக்கு விளங்கியது ஒன்றுதான். அம்மா எங்கேயும் வெளியே நிற்கவில்லை.

"அது யாரு சாவி?"

"நம்ம வீட்டுதான்டா கண்ணு."

"அப்ப இது?"

"அதுவும் நம்ம வீட்டுதான்."

"எப்பலேர்ந்து ரெண்டு இருக்கு?"

அம்மா பையனைத் தோளுக்கு மாற்றிக்கொள்வதில் மும்முரமானாள். பதில் சொன்னவன் அவன்தான், வாந்தி வாயோடு சிரித்துக்கொண்டு. "எனக்கு எப்பவோ தெரியுமே! அம்மா பையில ஒண்ணு இருக்கும். லூசு!"

ஒரே அம்மா, ஒரே பொய். அவனுக்கு அது எருமை மேல் பெய்த மழை; இவளுக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. ஏமாற்றிவிட்டாள். அழுகைகூட வரவில்லை. ஊட்டியதைத் தின்றாள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். மறுநாள் அம்மா தூக்க வந்தபோது, "நானே நடக்கறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காப்பக வாசலில் அம்மா மண்டியிட்டு உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. இரண்டு சாவிகளையும் ஒரே நாடாவில் கோத்து மகளின் கழுத்தில் மாட்டினாள்.

"அம்மா செஞ்சது தப்புதான். இனிமே ரெண்டும் உங்கிட்டயே இருக்கட்டும். போதுமா?"

அட்டை சாவிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கைப்பையைப் பார்த்தாள்.

"மூணாவதை எங்கம்மா வச்சிருக்க?"

"இல்லடா. சத்தியமா இல்ல."

மூன்றாவது சாவி உண்மையிலேயே கிடையாது. அதைச் சொல்லி நம்பவைக்கத்தான் அம்மாவிடம் இப்போது ஒன்றும் இல்லை. "சரி" என்றாள் அட்டை, அவளை அடக்குவதற்குப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தச் "சரி". கையசைக்காமல் உள்ளே போனாள்.

பின்னால் டீச்சரக்காவின் குரல் கேட்டது. "ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, பாத்தீங்களா? இப்பதாங்க நல்லாப் பழகியிருக்கா."