அப்பாவின் இழுப்பு

தையல்காரம்மாவுக்குக் கண் மங்கிய நாளிலிருந்து ஊசியில் நூல் கோப்பது மகனின் வேலை. இரண்டு மாதமாக அந்த நூல் ஊசிக்காதைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உள்ளே போகவில்லை. "கல்யாணம் பேசலாமான்னு கேட்டதுக்கே கை இப்படி நடுங்குதே!" என்று கேலி செய்தாள். அவனும் சிரித்தான். கேலி செய்த அந்த வாயை இப்போது என்ன செய்வது?

தெருவில் அவனுக்கு ஒல்லி என்றுதான் பெயர். இருபத்திரண்டு வயதில் ரோஷம் வந்து ஜிம்முக்குப் போனான். கை மளமளவென்று திரண்டது. சட்டைக் கையை அவளே இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். தேவையே இல்லாமல் அளவு நாடாவை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டாள். பெற்றவளுக்குப் பெருமை இருக்காதா?

ஒருநாள் துவைக்க எடுத்த பேன்ட்டுப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. மூச்சிழுப்பிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டுப் போன அவள் புருஷன் விழுங்கிய அதே மாத்திரை.

"என்னடா இது?"

"எனக்கும் அப்பா மாதிரி இழுப்பு வருதும்மா. சொன்னா பயந்துடுவியேன்னுதான்..."

அத்தனையும் பொய். கொழுப்பு கரையும், சதை இறுகும் என்று ஜிம்மில் எவனோ ஒரு மேதாவி ஓதியிருந்தான். இவன் இரண்டு மாதமாகக் கணக்குவழக்கில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தான்; கை நடுங்கியதும் அதனால்தான். அந்தப் பாவி நம்பிவிட்டாள். பரணில் கிடந்த, மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் புருஷனின் நெபுலைசரை இறக்கிக் கழுவி, மருந்தும் வாங்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜிம்மிலிருந்து வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது, வேர்த்துக் கொட்டியது. அவள் ஓடிப்போய் மெஷினைப் போட்டாள்.

"வேண்டாம்மா... அது வேண்டாம்..."

அவன் அப்பாவும் இப்படித்தான் மாஸ்க்கைப் பிடுங்குவார். "அடம் பிடிக்காதே, ராஜா. ரெண்டே நிமிஷம்" என்று பின்னந்தலையைத் தாங்கி, மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்தாள். மூன்று முறை தள்ளினான். உண்மையைச் சொல்ல மூச்சு போதவில்லையோ, அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லையோ. நான்காவது முறை தள்ளவில்லை. மருந்து கேட்கிறது என்று அவள் நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க பையனுக்கு இழுப்பே இல்லம்மா. சதை ஏத்தறதுக்காக அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கான். கூட ஜிம்முக்குப் போற பையன் இப்பதான் சொன்னான். இதயம் தாறுமாறா ஓடி நின்னுடுச்சு."

"அப்போ... நான் வெச்ச மருந்து?"

"அதுவும் அதே வகைதான்மா. இதயத்தை இன்னும் விரட்டும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எதிரே கிடத்தியிருந்த மகனின் மூக்குத்தண்டில் மாஸ்க்கின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. துணியில் தப்பாக விழுந்த சாக்பீஸ் கோட்டை அழிப்பது போல, அதை அவள் கட்டைவிரலால் தேய்த்தாள். திரும்பத் திரும்பத் தேய்த்தாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்னு சொன்னானே டாக்டர்... வாய் விட்டுச் சொன்னானே. நான்தான் விடலை."